என் பேரில் பாதி

என் மகள் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விழுப்புரத்தில் பிராக்டிகல் பரீட்சை. அதில் தேறினால்தான் வேலை. பரீட்சையில் காட்ட அவள் ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தாள்; அதன் பேருக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் பேரை அடித்தால், அது அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அவளைக் கூட்டிவரப் போன எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுதான் படிப்பு.

“என் பேரை அடிடி. ரேஷன் கார்டுல இருக்கிற மாதிரி இனிஷியலோட அடி.”

வணக்கத்துக்குப் பிறகு ஒரே ஓர் எழுத்துதான் வந்தது.

“இது உங்கப்பன் எழுத்து. என் பேரு எங்கடி?”

“நடுவுல இடம் விட்டா ரெண்டு சொல்லா எடுத்துக்குதும்மா. நான் முதல் சொல்லை மட்டும்தான் வாங்குறேன். இத்தினி நாளு ஒத்தைப் பேராவே அடிச்சிக்கினு இருந்தோம், தெரியல.”

“மாத்து. முழுசா வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

எத்தனை சொல் வந்திருக்கிறது என்று எண்ணி, கடைசிச் சொல்வரை வாங்கும்படி மாற்றினாள். அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினோம்.

பரீட்சையில் வாத்தியார் தன் பேரையே அடித்துப் பார்த்தாராம். அவருக்கு இரண்டு இனிஷியல். ஒன்றும் விட்டுப்போகவில்லை. மகள் தேறியதை நான்தான் தெருவெல்லாம் சொன்னேன், என் பேரால் தேறினாள் என்று.