ஏகநாதன் மாத்திரை போடாத ஒன்பது நாள்

என் கடைக்கு மருந்து வாங்க வந்தவர்களில் என்னிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையைப் பரணில் போட்டு வைப்பவன், மாமியாருக்கு எழுதிய மருந்தைத் தானும் ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பவள், எல்லோருக்கும் திட்டு உண்டு. "சண்முகசுந்தரம் கடையில மருந்து கசக்காது, அவரு பேச்சுதான் கசக்கும்" என்று வில்லியனூர் கடைத்தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரே ஒருவனைத் திட்டியதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவன் பெயர் ஏகநாதன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரன். ஒரு காணி கரும்பு, ஒரு காணி நெல். நெடுநெடுவென்று இருப்பான். சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பான். அவன் வந்தால் கடையில் காய்ந்த கரும்புச் சோகையின் வாசம் வரும். இன்றைக்கு அட்டையில் ஒட்டி வருகிற மாத்திரைகளைப் பார்க்கும்போது, ஜாடியிலிருந்து முப்பது எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த அந்தக் காலமும், மடிப்பை இரண்டு விரலால் அழுத்திச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளும் அவனும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள்.

ஊரில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. அவர்கள் ஊர் அம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அவன் வீட்டு உரிமை. அவன் அப்பா போட்டார், பிறகு இவன். தேர் ஓடும்போது சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே பின்வாங்கி நடக்க வேண்டும். தெரு சரிகிற இடத்தில், தேர் வேகம் எடுப்பதற்கு முன், புளியங்கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருக வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் தேர் யார் வீட்டுக்குள் நுழையும் என்று சொல்ல முடியாது. கட்டை போடுகிறவன் கை முதலில் போகும்.

1973-ஆம் வருஷம் ஆடி மாதம் அவனுக்கு வலிப்பு வந்தது. கரும்புக் கொல்லையில் இரண்டு முறை, வீட்டில் ஒரு முறை. பார்த்தவள் அவன் மனைவி தனக்கொடி மட்டும்தான். தங்கை ஜெயமணிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். வலிப்புள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் பெண் எடுக்க யார் வருவார்கள்? கட்டையும் கையை விட்டுப் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை. புதுச்சேரிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் பீனோபார்பிடோன் எழுதிக் கொடுத்தார். இரவு ஒன்று.

சீட்டின் அடியில் டாக்டர் எனக்கென்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். தன்னைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடப் பலமாக வரும், நோயாளிக்கு இதை விளக்கிச் சொல்லவும் என்று. நான் படித்தேன். அன்று சந்தை நாள், கடையில் கூட்டம். காகிதத்தில் 'இரவு 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று கை பழகியிருந்தது. கொடுத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் சொன்னேன். சாராயக்கடைப் பக்கம் தலை வைத்தால் மாத்திரையும் சாராயமும் சேர்ந்து ஆளை எழுந்திருக்கவே விடாது என்றேன். கிணற்றில் தனியாக இறங்காதே, தூக்கம் அசத்தும்போது சைக்கிள் எடுக்காதே என்றேன். ஒரு மாதம் கழித்துத் தனக்கொடி தனியாக வந்தாள்.

"அண்ணே, எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது. இவருக்கு எப்ப வருமோன்னு பயந்துக்கினே கெடக்கறேன். அவரு மாத்திரையில பாதி போட்டுக்கவா?"

"இன்னா, கடலை உருண்டைன்னு நெனச்சியா பாதி கடிச்சிக்க? படபடப்புக்கு டாக்டர் உன்னப் பாத்து எழுதணும். அவன் மாத்திரைய நீ தொட்டேன்னா இனிமே கடைக்கு வராத."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எவ்வளவு கண்டிப்பானவன் என்று எனக்கே அன்று ஒரு திருப்தி. சொல்ல வேண்டிய ஒரு வரியை அப்போதும் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவில்லை. அவன் முகம் தெளிந்தது. மாதம் தவறாமல் வந்தான்.

அடுத்த சித்திரையில் தேர். "நீங்க வந்தே ஆவணும் அண்ணே" என்று அழைத்திருந்தான். விடியற்காலையிலேயே போனேன். தோரணமும் பறையுமாக ஊர் நிறைந்திருந்தது. பாகூரிலிருந்து ஜெயமணியைப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வந்து முன்வரிசையில் நின்றார்கள். ஏகநாதன் மஞ்சள் வேட்டியோடு, கையில் காப்போடு, சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் காதோரம் குனிந்தான்.

"காப்பு கட்டி ஒம்போது நாளா மாத்திரை போடல அண்ணே. கோயில்லயே படுக்கணும், கூடப் பத்துப் பேரு. எடுத்து வாயில போட்டா இன்னாடா அதுன்னு கேப்பாங்க. அதும் இல்லாம, போட்டா விடிகாலையில தல பாரமா இருக்குது. சக்கரத்துக்கிட்ட அது ஆவுமா? இப்பப் பாருங்க, பளிச்னு இருக்கேன்."

அதைக் கேட்டதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "யாரக் கேட்டுய்யா நிறுத்தின? அறிவு இருக்குதா உனக்கு? நீ இன்னிக்குக் கட்டையத் தொடக் கூடாது."

அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். "நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதே அண்ணே" என்றான். அதற்குள் பூசாரி கற்பூரத் தட்டை நீட்ட, சக்கரத்துக்குக் காட்டத் திரும்பினான். தட்டு கையிலிருந்து விழுந்தது. அவனும் விழுந்தான்.

வடம் இன்னும் யார் கையிலும் இல்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு எங்களுக்கு நடந்த நல்லது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் கற்பூரத்தையும் கட்டையையும் காலால் தள்ளிவிட்டு, தலைக்கடியில் துண்டை வைத்தேன். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இதற்கு நடுவே ஒருவன் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தான். அவனைத் தள்ளிய வேகத்தில் அவன் வேட்டி அவிழ்ந்தது. சாவியோடு வந்தவன் அவன் ஒருவன்தான். மற்ற யாருக்கும் வலிப்பு என்ற நினைப்பே வரவில்லை. பறை இன்னும் வேகமாக அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"ஆத்தா வந்துட்டா."

அவன் கண் திறந்து தெளிய அரை மணி ஆயிற்று. அதுவரை தேர் காத்திருந்தது. தர்மகர்த்தா கோவிந்தராஜ், அவனைவிட இருபது வயது மூத்தவர், கை கூப்பி அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"தாயே, வடம் புடிக்கலாமா, சொல்லு. இனிமே வருஷா வருஷம் இந்த வூட்டு ஆளு வாக்குலதான் தேர் நகரும்."

பாகூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனக்கொடி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷம் ஒரே எண்ணம்தான் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிவிடு. ஒரு தலையாட்டலில் ரகசியமும் காப்பாற்றப்படும், கல்யாணமும் காப்பாற்றப்படும். நானே அப்படித்தான் வேண்டிக்கொண்டேன், மருந்து விற்றுப் பிழைக்கிற நான்.

ஏகநாதன் எழுந்து உட்கார்ந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது.

"ஆத்தா இல்லீங்க. எனக்கு வலிப்பு நோவு. மாத்திரையில நின்னுக்கினு இருந்துச்சு. நான் நிறுத்திட்டேன், அதான் வந்துடுச்சு. சாமின்னு நெனச்சிக்கினு அடுத்த வருஷமும் என்னையே சக்கரத்துக்கிட்ட விடுவீங்க. சரிவுல வந்துதுன்னா தெருவுல நிக்கற புள்ளைங்க இன்னா ஆவும்? கட்டைய வேற ஆளுகிட்ட குடுங்க."

பறை நின்றது. கோவிந்தராஜ் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். வேறொருவன் கட்டையை எடுத்தான். பாகூர்க்காரர்கள் தேர் நிலைக்கு வரும்வரைகூட இருக்கவில்லை. ஜெயமணிக்கு அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. முதல் வருஷம் முழுக்க அவள் அண்ணனோடு பேசவில்லை. ஏகநாதன் அதற்காக அழுததை நான் பார்த்திருக்கிறேன். சொன்னது தப்பு என்று மட்டும் அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

தேர் ஓடி முடியக் காத்திராமல் அன்றைக்கே அவனை பஸ்ஸில் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். விட்ட இடத்திலிருந்து மாத்திரையை நானே ஆரம்பித்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது நாள் விட்டதற்கு ஒன்பதும் சேர்த்துப் போடலாமா என்று அவன் வழியில் கேட்டான். கூடவே கூடாது என்றேன், இந்த முறை கத்தாமல்.

டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். அடி வரியில் விரலை வைத்தார்.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே. இத இவர்கிட்டச் சொல்லலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஏகநாதன் அந்த வரியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் அவனுக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது.

"சொன்னாரு டாக்டர். தெளிவாத்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றான்.

டாக்டர் அவனைத் திட்டினார். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். காலையில் நான் திட்டியதையும் கோபப்படாமல்தான் வாங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எழுந்தான், வில்லியனூர் வந்தது, இறங்கினோம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மாதாமாதம் கடைக்கு வந்தான். முப்பது மாத்திரை வாங்கினான், என்னை அண்ணே என்று கூப்பிட்டான். ஆயிரம் பேர் எதிரில் தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னவன், எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.