சந்தனம் பூசிய காற்று பம்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். நான் படித்தது எட்டாவது வரைதான். அதைவிட, பூஜையைக் கேலி செய்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்கிற பயம். என் மனைவிதான், "நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. முருகன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்றாள்.

ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே ஒரு கிரானைட் அறுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. அறுக்கும்போது வழிகிற சேற்றுத் தண்ணீர் ஒரு குழியில் சேரும். அதை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுவது என் காற்று பம்பு. கரண்ட் மோட்டார் அந்தச் சேற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். இதற்குக் கம்ப்ரசர் காற்று போதும். இரண்டு பக்கமும் வட்டமாக ரப்பர் தகடு. காற்று இதைத் தள்ளும், பிறகு அதைத் தள்ளும். வேலை முடிந்த காற்று சைலன்சர் வழியாகப் புஸ் புஸ்ஸென்று வெளியே போகும். காலையில் காற்றுக் குழாயில் தங்கிய தண்ணீரை வடித்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, பம்புக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு பட்டறைக்குப் போயிருந்தோம். எல்லா மிஷினையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். பூஜை போட்ட மிஷினை மறுநாள் வரை ஓட்டுவது எங்களிடம் வழக்கமில்லை. பொரிகடலை தின்றுகொண்டிருக்கும்போது மழை பிடித்தது. விடவே இல்லை. குழியில் தண்ணீர் விளிம்பு வரை ஏறிவிட்டது. அதற்குக் கீழேதான் பக்கத்து நிலத்து அம்மாவின் தக்காளித் தோட்டம். கல் சேறு இறங்கினால் அத்தனையும் போச்சு.

அந்த அம்மா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணா, ஏனாதரு மாடி! ஏதாச்சும் செய்ங்க! நாளைக்குத்தான் பறிக்கணும்!"

நான் சாமி படத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"இன்னா நிக்கிறீங்க? அவங்க பயிர் நாசமானா சாமிக்குச் சந்தோஷமா? போங்க, ஓட்டுங்க" என்றாள் மனைவி.

கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கம்ப்ரசரைப் போடச் சொல்லி வால்வைத் திறந்தேன். பம்பு ஒரு தடவை 'டக்' என்றது. அப்புறம் பேச்சே இல்லை.

"பிரஷர் ஃபுல்லா இருக்கு அண்ணே!" என்று கத்தினான் கம்ப்ரசர் பார்க்கும் நண்பன்.

தண்ணீர் வடித்தேன். உறிஞ்சும் குழாயை உதறினேன். அசையவில்லை. வழக்கத்தை மீறியதற்குத்தான் இப்படியோ என்று சாமி படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கடைசியில் சைலன்சர் முன்னால் கையை வைத்தேன். காற்றே வரவில்லை. குனிந்து பார்த்தால், அதன் ஓட்டை ஒன்று விடாமல் சந்தனம் அப்பிக் காய்ந்திருக்கிறது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

"இன்னாமே இது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"முன்னாடி நீட்டிக்கினு இருந்துச்சு. இதான் மூஞ்சின்னு நெனச்சி நல்லா அப்புனேன்."

நண்பன் சர்ச்சுக்குப் போகிறவன். "நாங்களும் ஜெபம் பண்றோம் அண்ணி, ஆனா மூக்க அடைக்க மாட்டோம்!"

"கிட்ட வா, உனக்கும் அப்புறேன்!"

சிரித்துக்கொண்டே சைலன்சரைக் கழற்றினேன். பம்பு கத்திய கத்தலில் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குழியில் தண்ணீர் இறங்க இறங்க என் கண்ணில் தண்ணீர் ஏறியது. ஒரு செடியிலும் சேறு படவில்லை. மறுநாள் அவர் பறித்த முதல் கூடை எங்கள் வீட்டுக்கு வந்தது.

இப்போது இதைக் கோயிலில் ஒரு மாதிரி, பட்டறையில் ஒரு மாதிரி சொல்கிறார்கள். சாமி கோபத்தில் பம்பை நிறுத்தியதாக அங்கே. பூஜையால் பம்பே உடைந்ததாக இங்கே. இரண்டும் இல்லை. சந்தனம் அடைத்தது, கழற்றினோம், ஓடியது. கழற்றப் புத்தி கொடுத்தவர் முருகன் என்பது என் நம்பிக்கை. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள், என் மனைவியின் பக்தியையும் குறைக்காதீர்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள்.