மாதேஷ் போட்ட கடைசி வெல்டிங்

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் போன் அடித்தது கேட்கவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "மாதேஷ் போய்ட்டாராம்பா, பெங்களூர் ஆஸ்பத்திரியில" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்த அலுப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

நான் தென்காசிப் பக்கம், அவன் பாகலூர்க்காரன். ஒசூரில் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தோம். அங்கே எங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டபோது பாகலூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, காடு மேடெல்லாம் ஏறும் ஜீப்புகளுக்குக் கனமான பின் பம்பர் செய்யத் தொடங்கினோம். பம்பரோடு சேர்ந்த ஓர் இரும்புக் கை ஸ்டெப்னி டயரைத் தாங்கும். பின்கதவைத் திறப்பதற்கு அந்தக் கையைக் கேட் போல விலக்க வேண்டும். மாதேஷுக்கு வீட்டில் கன்னடம், இரும்புக் கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். திட்டும்போது மட்டும் மூன்றையும் கலந்துகொள்வான்.

முதல் வேலையிலேயே சொதப்பினோம். வண்டியில் இருந்த பழைய டயரை வைத்து அளவெடுத்துவிட்டோம். பம்பர் மாட்டிய கையோடு ஜீப்காரர் அகலமான புது டயர்கள் வாங்கி வந்தார். புது டயர் பின்கதவில் இடித்து, இரும்புக் கை மூடவே இல்லை. நான் அவரோடு சண்டைக்குப் போனேன். மாதேஷ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பம்பர் போட்றவன் பெரிய டயர் போடாம இருப்பானா? நாமதாம்பா கேட்டிருக்கணும்" என்றான். அதன்பிறகு அதைக் கேட்காமல் டேப்பையே தொடமாட்டான்.

வேலை முடிந்ததும், டயரை மாட்டுவதற்கு முன் அந்தக் கையை விலக்கி, அதைப் பிடித்து அவனே தொங்குவான். நல்ல தொப்பை வேறு. ஜீப்காரர்கள் படம் பிடித்துச் சிரிப்பார்கள். "சிரிங்க சார். கிருஷ்ணகிரி ரோட்டுல இது கழண்டு உழுந்தா பின்னாடி பைக்ல வர்றவனுக்குத்தான் உசுரு போகும்" என்பான்.

சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் தவறாமல் பெங்களூர் போய் வந்த நாட்களிலும் அவன் சும்மா இருக்கவில்லை. கடைசியாக வந்த ஜீப்பில், இரும்புக் கை திரும்புகிற கீலை ஸ்டூலில் உட்கார்ந்தே வெல்டிங் செய்தான். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

காரியம் முடிந்து பட்டறையைத் திறந்து, அந்த ஜீப்பின் இரும்புக் கையில் நான் தொங்கிப் பார்த்தேன். கீழே இறங்கியது. அவன் வைத்த வெல்டிங்கில் விரிசல். அவனுடைய துணிமணிகளை எடுத்துப் போக அவன் மனைவி கௌரம்மா வந்தபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணா பாக்கறீங்க?"

"மாதேஷ் கடைசியா வச்சதும்மா. விரிசல் விட்டிருக்கு. அறுக்க மனசு வரல. மேல ஒரு தகடு வச்சா தாங்குமான்னு பாக்கேன்."

அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "தாங்குமான்னு கேக்கறீங்கன்னா தாங்காதுண்ணா. அறுத்துடுங்க."

அறுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

புதுக் கீல் வைத்து ஜீப்பை அனுப்பிவிட்டேன். அறுத்த துண்டு பழைய இரும்போடு போயிற்று. எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் உடம்பு சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது, பரவாயில்லை விடு என்று மனசு சொல்கிறது. ஆனாலும் சரியில்லை என்று பட்டால், யார் வைத்ததானாலும் அறுத்துவிடுகிறேன். மாதேஷிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.