தங்கவேல் சாரின் முகம் பதித்த தட்டு

இறந்துபோனவரின் முகத்தை அச்சடித்த தட்டைக் கையில் எடுத்து வீசலாமா, கூடாதா... எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் தங்கவேல் சார் போன வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம். எழவில்லை.

நாளை நினைவுப் போட்டி. அதற்காகச் செவ்வாய்ப்பேட்டையில் அவர் முகத்தை அச்சடித்து வந்த தட்டுகள் ஸ்டாஃப் ரூம் மேஜையில் அடுக்கியிருக்கின்றன. ஒன்றின் மேல் யாரோ வடை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். எண்ணெய் அவர் நெற்றியில்.

துடைத்துவிட்டு வந்தேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. தட்டை வீசி வீசி, தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். கூர் விளிம்புத் தட்டு டிரைவர், வேகமாகப் போகும். மொண்ணை விளிம்புத் தட்டு புட்டர், மெதுவாகப் போய் விழுந்த இடத்தில் உட்காரும்.

லாரியில் சரக்கு கட்டும் சங்கிலியை வாங்கி, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்து, எங்கள் மைதானத்தில் கூடைகளை நட்டவர் சார். ‘தட்டு மாஸ்டர்’ என்று அவரைக் கேலி செய்தவர்கள்தான் இன்று மெழுகுவர்த்திப் படத்தோடு ‘விளையாட்டு உலகின் விடிவெள்ளி’ என்று பதிவு போடுகிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

மைதானத்தின் இடப்பக்க வேலியை ஒட்டி எங்கள் தாளாளரின் கோழிப் பண்ணை. கோழி மிரண்டால் முட்டை குறையும். அதனால் பண்ணைப் பக்கம் தீபாவளிக்கே வெடி போடமாட்டார்கள்.

கூடை நட்ட புதிதில் ஒரு மாணவன் வீசிய டிரைவர் தட்டு கோழிக் கொட்டகைத் தகரத்தில் போய் விழுந்தது. மறுநாள் தாளாளர் ஒரு அட்டை முட்டையோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

“பாருங்க தங்கவேலு, ஓடே இல்லாம இட்டு வெச்சிருக்குது. இன்னொருக்கா மிரண்டுதுன்னா உங்க கூடையெல்லாம் புடுங்கி எறிஞ்சுருவனுங்க.”

“இனி டிரைவரே வேண்டாமுங்க. மொத வீச்சும் புட்டர், கடைசி வீச்சும் புட்டர். வேலி தாண்டாதுங்க.”

அந்த ஒரு வாக்கில்தான் இத்தனை வருடம் கூடைகள் நின்றன.

அதற்குப் பிறகுதான் சார் என் கெமிஸ்ட்ரி லேபுக்கு மூன்று புட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மேடம், தூரத்துலருந்து வீச ஒண்ணு. கூடைக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சேக்க ஒண்ணு. எதெதுன்னு சொல்லுங்க.”

எனக்கு விளையாட்டு தெரியாது என்றேன்.

“வெளையாட்ட நான் பாத்துக்கறனுங்க. பிளாஸ்டிக்க நீங்க பாருங்க.”

வெயிலில் வைத்துப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும் என்றேன். தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவர் மூன்றையும் கல்லூரி பஸ்ஸின் பானெட் மேல் மதியம்வரை வைத்துவிட்டார். ஒன்று ஊத்தப்பம் மாதிரி துவண்டுவிட்டது. ஒன்று அப்படியே விறைப்பாக இருந்தது. மூன்றாவது நடுவாந்திரம்.

“இந்தக் கெட்டியானது வீசறதுக்குங்க. வேப்பமரத்துல மோதுனாலும் விளிம்பு கெடாது, ஆடிக் காத்துலயும் பொரளாம போகும். மெத்துனு இருக்கறது கிட்டத்துக்கு. கையில நல்லா ஒட்டும், விழுந்தாச் சறுக்காது.”

நடுவாந்திரத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அது உங்களுக்குங்க மேடம்.”

ஒரு சாயங்காலம் வேறு வழியில்லாமல் போய் வீசினேன். அவர் செருப்புப் பக்கத்தில் விழுந்தது. “வேலி தாண்டலீங்களே... அதுவே பெருசு” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இன்று காலை இரங்கல் கூட்டம். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் சாரின் மனைவி சுமதியைக் காரில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு தட்டை அவர் கையில் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னார் போட்டோகிராபர். பிடித்தார்.

அச்சடித்து வந்தவை எல்லாமே டிரைவர்.

எழுந்து தாளாளரிடம் சொன்னேன்: “சார், இவை கொட்டகைப் பக்கம் போகும். அவர் புட்டரை மட்டும்தான் அனுமதித்தார்.”

“ஏனுங்க மேடம், செத்தவருக்குச் செய்யறப்போ இந்தத் தட்டு, அந்தத் தட்டுன்னு பாக்கலாமுங்களா?” என்றார் தாளாளர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சுமதி மெதுவாகச் சொன்னார்: “அவரு இருந்தா இத வீச உடமாட்டாருங்க.”

“நீங்க சும்மா இருங்கம்மா. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார் தாளாளர்.

அதன் பிறகு டீ வந்தது.

தங்கவேல் சார், நீங்கள் எனக்கென்று கொடுத்த நடுவாந்திரப் புட்டர் என் லேப் அலமாரியில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை... போய் வாருங்கள்.

*

மறுநாள் மாலை சேர்த்தது:

முதல் வீச்சு தாளாளருடையது. கைதட்டினார்கள். தட்டு நேராகப் போகாமல் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து, வேலியைத் தாண்டி, கொட்டகைத் தகரத்தில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. உள்ளே அத்தனை கோழியும் கத்தியது. போட்டி அதோடு நின்றது.

மதியத்துக்குள் கூடைகளை அடியோடு அறுத்து டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் என் வகுப்பறைவரை கேட்டது.

சுமதி போன் செய்தார். “மேல கெடக்கறத மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க மேடம். அவரு மொகம் வெயில்ல கெடக்குது.”

பண்ணை மேனேஜரிடம் போய்க் கேட்டேன். ஏணி சாத்தினால் கோழி மிரளும் என்றார்.