ஒரு படி கொறைச்சே வச்ச மனுசன்

எங்க எஸ்டேட்டுல கடைசி ரப்பர் மரத்தச் சாய்ச்சு செம்பனை போட்டாங்கல்ல, அதுக்கு அடுத்த மழைக்காலம். சாய்ஞ்ச மரத்துல நான் பால் வெட்டின தழும்பு இருந்துச்சு, அது போகட்டும். எம் மக கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித்தான் பொழைச்சா. அவ கம்ப்யூட்டரு நகரவே மாட்டேங்குது, புதுசு வாங்க வழியில்ல. லோபாக்ங்கிற எடத்துல கடை வச்சிருந்த ஒரு ரிப்பேர்காரர்கிட்ட தூக்கிட்டுப் போனேன்.

ஒல்லியான ஆளு, சிரிக்கவே மாட்டாரு. பெட்டியத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் இரும்புக் கேட்டத் தொட்டாரு. சாமி கும்பிடுறாருன்னு நானும் செருப்பக் கழட்டிட்டேன்.

"கையில இருக்கிற கரண்ட எறக்குறேன் லா. செருப்ப மாட்டுங்கண்ணே."

ப்ராசஸர வெளிய எடுத்தாரு. அடியில ஊசி ஊசியா பின்னு. "இது இன்னும் வேகமா ஓடும். செஞ்சவன்தான் பூட்டி வச்சிருக்கான்"னு சொல்லி, தலைமுடி மாதிரி ஒரு செப்புக்கம்பியால ரெண்டு பின்னச் சேத்துக் கட்டினாரு. கை தவறினா பெட்டி செத்துரும், மக பொழைப்பும் போயிரும்.

திரும்ப மாட்டி ஆன் பண்ணாரு, பெட்டி பறந்துச்சு. "இன்னும் ஒரு படி ஏறுமா?"ன்னு கேட்டேன்.

"ஏறும். ஏத்த மாட்டேன்." மூடிய முடுக்கிக்கிட்டே, "எங்கப்பாவால முடியும்னுதான் வேலைய மேய்க்கிற மண்டோர், ரெண்டு ஆளு பால் வெட்டுற மரத்த அவரு ஒருத்தர்கிட்டயே குடுத்தான். அப்பா நாப்பது வயசத் தாண்டல"ன்னாரு.

நானும் பால்மரம் வெட்டினவன்தான். அந்த வேகமே போதும்னு பெட்டியத் தூக்கிக்கிட்டேன்.

இப்ப அந்தக் கடை அங்க இல்ல. எங்கயாச்சும் அவரப் பாத்தீங்கன்னா சொல்லுங்க, அந்தப் பெட்டி இன்னும் ஓடுதுன்னு.