ஓஸ்திக்காரம்மாவுக்கு ஒரு பாதி

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வேண்டிய ஓஸ்தியை அவள் வியாழக்கிழமையே சுட்டுவிடுவாள். ஓஸ்தி என்றால், பூசையில் சாமியார் கையிலெடுத்து வசனம் சொல்லி உயர்த்துகிற, சனங்கள் நாக்கை நீட்டி வாங்கிக்கொள்கிற அந்த மெல்லிய வட்ட அப்பம். கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்புக்குக்கூட அதில் இடமில்லை. கரைத்த மாவை இரட்டைத் தகட்டுக்கு நடுவே ஒரு கரண்டி ஊற்றி அழுத்தி மூடினால், உஸ்ஸென்று ஆவி சீறும். திறந்தால் காகிதம் மாதிரி ஒரு தாள் வரும். அப்படியே வெட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதம் வந்தபிறகுதான் வெட்டுக்குழாயை வைத்து டக் டக்கென்று வெட்ட வேண்டும். பதினோரு வருடமாக இந்தக் கோயிலுக்கு அவள் கை ஓஸ்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் ஓஸ்திக்காரம்மா.

அந்த ஓஸ்திக்காரம்மா நன்மை வாங்கி, அதாவது பூசையில் அந்த ஓஸ்தியை நாக்கில் வாங்கி, பத்து வருடம் ஆகிறது.

"செய்யறது அவ, சாப்பிடறது நாம. நல்ல ஏற்பாடுதான்" என்று பாட்டுக்குழு டீச்சரம்மா ஒருநாள் அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

"சமைக்கிறவளுக்கு எங்க டீச்சர் பசிக்குது?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினாள் இவள். வீட்டுக்கு வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

கதை இதுதான். பத்தொன்பது வயதில், இதே கோயிலில், பீடத்துக்கு முன்னால் நின்று ஒரு கப்பல் சமையல்காரனுக்குக் கழுத்தை நீட்டினாள். மூன்று மாதத்தில் அவன் கப்பலேறினான். இரண்டு கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஆறு வருடம் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் லேத் பட்டறைக்காரரைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டாள். கோயிலில் முடியாது. முதல் கல்யாணம் அருட்சாதனம், கடவுள் முன்னால் போட்ட முடிச்சு. அவன் இறந்தான் என்று தெரிந்தால் ஒழிய அந்த முடிச்சு அவிழாது. அதுவரை இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனமும் இல்லை, நன்மையும் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் வெட்டுக்குழாயையும் தகட்டையும் திருப்பிக் கொடுக்கப் போனாள். அப்போதிருந்த பெரியசாமியார் வாங்கவில்லை. "மாவு கரைக்கறதுக்குச் சட்டம் ஒண்ணும் தடை இல்லம்மா" என்றார். இரண்டு வருடம் கழித்து, முதல் புருஷன் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டு, அவரே மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு மனு எழுதியும் கொடுத்தார்.

அங்கேதான் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. வேதப் புத்தகத்தில் கை வைத்து, "அவரைப் பத்தி எதுவுமே கேள்விப்படலியா?" என்று கேட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஏதோ ஒரு துறைமுகத்துல பாத்ததா ஒருத்தர் சொன்னாராம், அதை இன்னொருத்தர் எங்கிட்டச் சொன்னார்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவர் யாரென்று தேடினால் அவரும் செத்துப்போயிருந்தார். அந்த ஒரு வரி கோப்பின் மேல் பாறாங்கல் போல உட்கார்ந்துகொண்டது. எட்டு வருடத்தில் மூன்று சாமியார்கள் மாறிவிட்டார்கள். கோப்பு மாறவில்லை.

இப்போதிருக்கும் சின்னசாமியார் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் அண்ணன் தங்கச்சி மாதிரி இருப்பதாக வாக்குக் கொடுத்தால் நன்மை வாங்கலாம். அவள் வந்து புருஷனிடம் சொன்னாள்.

பட்டறைக்காரர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. "எட்டுக்குப் பன்னிரண்டு. இதுல அண்ணன் எங்க படுப்பான், தங்கச்சி எங்க படுப்பா?"

"வெளையாடாதீங்க."

"நான் எங்க வெளையாடறேன்? நாளைக்கு நம்ம பொண்ணு மிளகு வந்து, அப்பாவை மாமான்னு கூப்பிடணுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?" அவரே சிரித்தார், அவரே நிறுத்தினார். "உனக்கு அதுதான் நிம்மதின்னா சொல்லு. பட்டறையிலயே படுத்துக்கறேன்."

அவர் நிஜமாகவே போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவளால் கேட்க முடியவில்லை.

மிளகு அவர்கள் மகள். ஒன்பது வயது. ஆள் சின்னது, காரம் அதிகம். அந்த வருடம் அவளுக்குப் புது நன்மை, அதாவது முதன்முதலாக நன்மை வாங்கும் நாள். ஆறு மாதம் கன்னியாஸ்திரியிடம் பாடம். ஒவ்வொரு வாரமும் வந்து கேள்வி கேட்டாள்.

"நன்மை வாங்கினா சேசுநாதர் நமக்குள்ள வந்துடுவாராம். அப்புறம் அவரோட மோட்சத்துல இருக்கலாமாம். நீ ஏன்மா வாங்க மாட்டேங்கற?"

"வாங்குவேன்டி. ஒரு பேப்பர் வரணும்."

"மோட்சத்துக்கு எதுக்குப் பேப்பர்?"

வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "போய் முகம் கழுவு" என்றாள்.

புது நன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மிளகு கூண்டிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். "மூணு பொய், ஒரு பென்சில், அப்பாவை ஒருதடவை மனசுக்குள்ள லூசுன்னு சொன்னது. எல்லாத்தையும் மன்னிச்சாச்சு! நீயும் போயேன்மா. வரிசை சின்னதாத்தான் இருக்கு."

அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். நாலே பேர். போய் முழங்காலிட்டு என்ன சொல்வது? பட்டறைக்காரரோடு வாழ்வதற்கு மனம் வருந்துகிறேன், இனிமேல் வாழமாட்டேன் என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலேயே அது பொய்யாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகள், வெள்ளை உடுப்பு, முன்வரிசை. மணி அடித்தது. எழுந்தேற்றத்தில் சாமியார் உயர்த்திப் பிடித்தபோது அவள் தலைகுனிந்தாள். வியாழக்கிழமை வரை அது அவள் மாவு. இனி அது மாவு இல்லை, சேசுநாதரின் உடல். மிளகு நாக்கை நீட்டி வாங்கினாள். திரும்பி வந்து, சொல்லிக்கொடுத்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முழங்காலிட்டாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். பக்தி என்று நினைத்து அம்மாவுக்குக் கண் கலங்கியது.

பூசை முடிந்ததும் மிளகு ஓடிவந்து, அம்மாவைப் பக்கவாசல் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவும் கூட வந்தார். கைக்குட்டையைப் பிரித்தாள்.

பாதி ஓஸ்தி. ஓரம் நனைந்து, துணியோடு லேசாக ஒட்டியிருந்தது.

"வாயைத் திற. சீக்கிரம். நான் பாதி முழுங்கிட்டேன், இது உனக்கு."

"என்னடி பண்ணிட்டே!" என்றாள் அம்மா.

"நான் மட்டும் மோட்சத்துக்குப் போய் அங்க என்ன பண்றது?"

பட்டறைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தணித்து, "போட்டுக்க. குழந்தை குடுக்குது. யாரும் பாக்கல" என்றார்.

கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள். வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. பத்து வருடத்துப் பசி நாக்கு நுனியில் வந்து நின்றது. மிளகு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்குட்டையை மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் போனாள்.

சின்னசாமியார் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். திட்டவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தப் பாதியைத் துணியிலிருந்து மெல்ல விடுவித்து அதில் இட்டார். "கரைஞ்சதும் மண்ணுல ஊத்திடுவோம். நீங்க பயப்படாதீங்க. நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலம்மா."

"தப்பு ஒண்ணும் பண்ணலேன்னா, குடுங்க சாமி."

கேட்டபிறகுதான், தான்தான் கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வயது முப்பதுகூட இருக்காது அவருக்கு.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா" என்றார். "மறைமாவட்டத்துக்கு இன்னொரு தடவை எழுதறேன்."

"எழுதுங்க சாமி."

மிளகு கதவோரம் வந்து நின்றாள். "சாமி, நான் பாவம் பண்ணிட்டேனா?"

"இல்ல கண்ணு. தெரியாம பண்ணினது பாவமாகாது. இனிமே அப்படிப் பண்ணக் கூடாது."

"சரி. அம்மாவுக்கு?"

வெளியே போட்டோக்காரர், "பட்டறைக்காரர் குடும்பம் எங்கப்பா? வெயில் ஏறுது!" என்று கூவினார். பட்டறைக்காரர் பிள்ளையின் தோளைப் பிடித்து அழைத்துப்போக வந்தார். அவள் அசையவில்லை.

ஓஸ்தி உடையக் கூடாதென்று அவள் மாவைக் கொஞ்சம் கெட்டியாகத்தான் கரைப்பாள். தண்ணீரில் அது லேசில் கரையாது. ஓரம் முதலில் வெளுத்து நூல் நூலாகப் பிரிந்தது. நடுப்பகுதி அப்படியே மிதந்தது.

"நீங்க போய் நில்லுங்க. இது கரையட்டும், வந்துடறேன்" என்றாள்.