கைக்கு மட்டும் லைனிங்

எங்கள் குடும்பத்தில் மாதா கோயிலில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் வேண்டும். நகை மாறும், சாப்பாடு மாறும், லேஸ் மட்டும் மாறாது. வெயிலில் வேர்த்து ஒழுகினாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு முன்னால் நிற்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் கண் கலங்குவார்கள். எனக்கு மட்டும் எரிச்சல் வரும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் தங்கைக்குப் பிரான்சிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் புடவையைப் போலவே கவுனையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா அதைத் தனிப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தார். அவரை எல்லோரும் வெள்ளைக்காரியைக் கூப்பிடுவது போல மதாம் என்றார்கள். பிறந்ததென்னவோ இங்கே பக்கத்தில் சாரத்தில்தான், கறுப்பிலும் அத்தைக்குக் குறைந்தவரில்லை. மேலே பவுடர் இருந்தது, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டைத் தையற்கடையில் அளவு பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அத்தை வெளியே வந்ததும் நான் ஓடிப்போய்க் கிட்டே நின்றுகொண்டேன். மணிக்கட்டு வரை கைக்கு வெறும் லேஸ். அத்தை நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைப் பூ ஒவ்வொன்றும் இலையோடும் காம்போடும் பளிச்சென்று தெரிந்தது. அத்தையே கண்ணாடி முன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதாம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தையற்காரரிடம் சொன்னார்.

"கைக்கு உள்ள வெள்ளத் துணி குடுத்துத் தச்சிடுங்க. போட்டோல நல்லா இருக்காது."

அத்தை கையை இறக்கிக்கொண்டாள். கோயிலுக்குள் கை தெரியக் கூடாது, சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சாமியாரிடம் யாரும் கேட்கவில்லை. பாவம், பழியைப் போட அவர் தலைதான் கிடைத்தது.

கவுனின் நீளத்தைக் குறைத்ததில் மிஞ்சிய லேஸ் என் ஃபிராக்குக்குக் கை ஆயிற்று. நான் மணப்பெண்ணுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு போக வேண்டியவள். கலியாணத்துக்கு முதல் நாள் இரண்டு உடைகளும் வந்தன. அத்தையின் கைக்கு லைனிங் இருந்தது, என் கைக்கு இல்லை. எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். அம்மா அவர்கள் முன்னால் பெருமையாகச் சொன்னாள்.

"ஒனக்கு எதுக்குடி லைனிங்கு? செவத்த கை, அப்படியே அழகாதான் இருக்குது."

"பொய். அத்த கையிலதான் பூவு நல்லா தெரிஞ்சிது. என் கையில ஒண்ணுமே தெரியல."

அத்தை எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை என்னை ஒரு கிள்ளுகூடக் கிள்ளாதவள். அம்மா என்னைத் தூக்கிச் சமாதானம் செய்யவில்லை, அத்தையைத் திட்டவுமில்லை. மறுநாள் நான் உம்மென்ற முகத்தோடு பூத் தூவினேன். எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறேன்.

நல்லதைத்தானே சொன்னேன், அதற்கா அடி என்று பல வருடம் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் அது நல்லதாக அவள் காதில் விழுந்திருக்க வழியில்லை. வருகிற மாமியாரை அடிக்க முடியாது, அண்ணியான என் அம்மாவையும் அடிக்க முடியாது. கைக்கு எட்டியது நான்தான்.

போன மாதம் என் அண்ணன் மகளுக்குக் கவுன் அளவு பார்க்கப் போனோம். கலியாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த அத்தையும் கூட வந்தாள். இப்போது மதாம் அவள்தான். பெண் அப்படியே அத்தை நிறம். கண்ணாடி முன் லேஸ் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்கள் எல்லாம் தெரிந்தன. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை தையற்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"கைக்கு லைனிங் குடுத்துடும்மா. போட்டோல நல்லா இருக்காது."

வேண்டாம் அத்தை, இப்படியே இருக்கட்டும் என்றேன். அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், சிவந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்பது போல. அண்ணன் மகள் கையை இறக்கிக்கொண்டாள்.

அன்று அத்தை ஏன் அடித்தாள் என்பது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. மதாம் சொன்னதை அவள் எப்படி நம்பியும்விட்டாள் என்பதுதான் எனக்குள் இருக்கும் ஃபிராக் போட்ட அந்தப் பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை.